இரண்டாவது துண்டு

மூன்று இருபதுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே மூச்சில் நிழல் விழுந்தது, கூடவே குளிரும் வந்து பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. மாதேஷ் என்னைப் பார்த்தான். அவன் உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது, காது நுனி சிவந்திருந்தது. "போயிடுச்சேடா. திறக்கலாமா?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. பல் தேய்த்தாயா என்று கேட்டால் ஆமாம் என்று வருமே, அப்படி வந்தது பதில். "இது மறைவு இல்லடா. மலை மறைக்குது, அவ்வளவுதான். அங்க பாரு, உச்சியில இன்னும் வெயில் இருக்கு. நோன்பு திறக்கிற நேரம் ஆறு நாலு." அவன் உச்சியைப் பார்த்தான். பனி மூடிய முகட்டில் வெயில் மஞ்சளாக, தெளிவாக, எனக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல நின்றது. "ஓ, சரி" என்று கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டான். இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம். கையுறைக்குள் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவன்தான் நோன்பு. கீழக்கரையில் பிறந்து, ஏழு வயதிலிருந்து நோன்பு பிடிக்கிற ஜெய்னுலாபுதீனாகிய நான் இல்லை. பென்னாகரத்தில் பிறந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, அதுவும் எனக்குத் துணையாக, இன்றைக்கு ஒருநாள் நோன்பு பிடித்திருக்கிற மாதேஷ். நான் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன். அது அவனுக்குத் தெரியாது.

திறக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன் சாப்பிட்டிருப்பான். அவனுக்கு எந்தக் கடமையும் இல்லை, எந்தக் கணக்கும் இல்லை, மலை மறைத்தால் என்ன, மேகம் மறைத்தால் என்ன. ஆனால் வாய் முந்திக்கொண்டது. எங்கள் ஊரில் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோகிறவனைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அதட்டுவார்கள். அப்படி அதட்டுகிற இன்பத்தை நானும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன். சட்டம் தெரிந்தவன் என்கிற மிதப்பு இருக்கிறதே, அதற்கு நோன்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை போல. வயிறு நிறைய சீஸை வைத்துக்கொண்டு பசித்தவனுக்கு நேரம் சொல்லியிருக்கிறேன். நிறைய என்றால் நிறைய இல்லை. ஏழு துண்டு. பிறகு இரண்டு துண்டு ரொட்டி. ஒரு சின்னக் குவளை ஆப்பிள் சாறு, அதுவும் இலவசம். மலைக்கு வருகிற யோசனையே அவனுடையதுதான். ஜெர்மனிக்குப் படிக்க வந்து இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே சமையற்கட்டு. மழை விட்ட நாட்களில் நூலக ஜன்னலிலிருந்து தெற்கே வெள்ளையாக ஒரு கோடு தெரியும், அதுதான் மலை என்பார்கள். கூடப் படிக்கிறவர்கள் வாராவாரம் போவார்கள். எங்களுக்கு ரயில் பிரச்சினை இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாள் சீட்டு உண்டு. சாப்பாடுதான் இடித்தது. மலையில் ஒரு தட்டு சூப் விற்கிற விலைக்கு நாங்கள் மூன்று நாள் மதியம் சாப்பிடுவோம். போன வாரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தோன்றியது. "நோன்பு மாசத்துல போனா செலவே இல்லடா. நீதான் சாப்பிட மாட்டியே. நானும் அன்னைக்கு ஒருநாள் இருந்துடுறேன்." நான் சிரித்தேன். உனக்கு எதுக்குடா, தண்ணியாவது குடி என்றேன். "நீ பசியோட மலை ஏறுவ, நான் பக்கத்துல பன் தின்னுக்கிட்டே வரணுமா? நல்லா இருக்கே நியாயம்" என்றான். அப்போது உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கில் ஒரு முளை இருந்தது, அதைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துக்கொண்டே சொன்னான். அதுவெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

மூன்று முப்பத்தெட்டு வண்டி வந்து நின்று போனது. சின்ன ஸ்டேஷன், ஒரே நடைமேடை, மரக்கூரை, ஒரு பெஞ்ச். வண்டி மணிக்கு ஒன்று, எப்போதும் முப்பத்தெட்டாம் நிமிடம். பனிச்சறுக்குக் கட்டைகளோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். நாங்கள் ஏறவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டே நோன்பு திறப்பது என்று பேசி வைத்திருந்தோம். சரி, நடந்ததை ஒழுங்காக யோசித்துப் பார்க்கலாம். முதல் துண்டு மறதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறதியில் தின்றால் நோன்பு முறியாது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பனியில் நடந்து என் ஷூ நனைந்துவிட்டது, கால் மரத்துப்போயிருந்தது. வழியில் ஒரு சீஸ் பண்ணை. "நீ உள்ள போய்க் கால காயவை, நான் வரல, வாசனை பட்டா தின்னுடுவேன்" என்று மாதேஷ் உறைந்த அருவியைப் பார்க்க மேலே போய்விட்டான். உள்ளே கதகதவென்று இருந்தது. மரப்பலகையில் சீஸைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பல்குச்சி செருகி, ருசி பாருங்கள் என்று அட்டை வைத்திருந்தார்கள். இலவசம் என்று கண் படித்ததும் கை போய்விட்டது. இரண்டு வருடப் பழக்கம். சனிக்கிழமை மதியங்களில் நானும் மாதேஷும் பெரிய கடைகளில் இந்த மாதிரிப் பலகைகளைத் தேடி ஒரு சுற்று வருவோம், முதல் சுற்றுக்கு ஜாக்கெட் போட்டு, அடையாளம் தெரியாமலிருக்க அடுத்த சுற்றுக்கு ஜாக்கெட்டைக் கழற்றி. அப்படிப் பழகிய கை. முதல் துண்டு வாயில் கரைந்து, உப்பும் பால்மணமுமாக இறங்கி, அதற்குப் பிறகுதான், அட அல்லா, நோன்பு என்று மண்டையில் அடித்தது. அப்போது இரண்டாவது துண்டு வாயில் இருந்தது.

அதுதான் சிக்கல். இரண்டாவது துண்டு வாய்க்குள் போனபோது மறதி. வாய்க்குள் இருக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. துப்பியிருக்க வேண்டும். கையில் காகிதம்கூட இருந்தது, அந்தப் பல்குச்சி போடுவதற்கென்று அவர்கள் வைத்திருந்த காகிதக் கிண்ணம். துப்பவில்லை. பண்ணைக்காரப் பெண் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார், நான் துப்பினால் சீஸ் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாரே என்று தோன்றியது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியதா, அல்லது இப்போது தோன்றவைக்கிறேனா? ஒரு நொடி வாயைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நொடியில் நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. பிறகு விழுங்கினேன். விழுங்கியது நான்தான், வேறு யாரும் என் தொண்டையைப் பிடித்துத் தள்ளவில்லை. அதன்பின் என்ன, முறிந்தது முறிந்ததுதான் என்று மூன்றாவது, நான்காவது, ஏழு வரை. அந்தப் பெண் ரொட்டியையும் தட்டோடு என் பக்கம் நகர்த்தினார், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். பயணிதானே நான், அதையும் நினைத்தேன், ஆனால் ரொட்டியை மென்றுகொண்டே நினைத்தேன். பயணத்தில் நோன்பை விடலாம், பின்னால் ஒருநாள் பிடித்துக்கொள்ளலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. நேற்று போனில் உம்மாகூடச் சொன்னார்கள், "பயணமா இருந்தா விட்டுக்க வாப்பா, குளிர்ல கெடந்து சாவாதே, பொறவு புடிச்சுக்கலாம்." நான்தான் பெரிய இவனாக, "இங்க பகல் சின்னதும்மா, ஒண்ணும் தெரியாது" என்றேன். விட்டிருந்தால் இருவரும் காலையிலேயே ஆளுக்கு ஒரு பன் தின்றுவிட்டு ஏறியிருப்போம். படைத்தவனிடம் எனக்குப் பிரச்சினை இல்லை, அங்கே வழி இருக்கிறது, ஒரு நாளுக்கு ஒரு நாள். பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறானே, இவனிடம்தான் என்ன வழி என்று தெரியவில்லை.

"கஞ்சி சூடா இருக்குமாடா இன்னும்?" என்றான் மாதேஷ். பையை மடியில் வைத்து, வெளியிலிருந்தே ஃபிளாஸ்கைத் தொட்டுப் பார்த்தான். அதுவும் அவன் வேலைதான். நான் விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாட்டை முடித்துத் தூங்கப் போன பிறகு, அவன் தூங்காமல் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி காய்ச்சியிருக்கிறான். உம்மாவுக்கு அவனே போன் போட்டு, என்ன போடணும், எப்பப் போடணும் என்று எழுதி வைத்திருந்தான். உம்மா சொன்ன நொய்யரிசி இங்கே கிடைக்காது. பாலில் வேகவைத்து இனிப்பு செய்வதற்கென்று இந்த ஊர்க்காரர்கள் விற்கிற உருண்டை அரிசிதான் கடையிலேயே விலை குறைந்த அரிசி, நாங்கள் இரண்டு வருடமாகச் சோறென்று தின்பதும் அதைத்தான். பயத்தம்பருப்புக்குப் பதில் துருக்கிக் கடைச் சிவப்புப் பருப்பு. வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், புதினா. காலையில் ரயிலில் உட்கார்ந்ததும் பெருமையாகச் சொன்னான். "உப்புகூடப் பாக்கல ஜெய்னு. அஞ்சு மணிக்கு மேல ஆயிடுச்சு, நோன்பு ஆரம்பிச்சிடுச்சு இல்ல? குத்துமதிப்பாப் போட்டிருக்கேன்." நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் தப்பில்லை, எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். இப்போது யோசித்தால், காலையிலேயே ஆரம்பித்திருக்கிறேன் சொல்லாமல் விடுவதை. "இருக்கும்டா சூடு" என்றேன். "பன்னண்டு மணி நேரம் தாங்கும்னு ஃபிளாஸ்க் அட்டையில போட்டிருந்தான்" என்றான். அவன் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது, இருவரும் கேட்டோம். அவன் சிரித்தான். என் வயிறு சத்தம் போடவில்லை, அதை அவன் கவனித்துவிடுவானோ என்று பயந்து நான் காலை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

நான்கு முப்பத்தெட்டு. இந்த வண்டியில் ஏறிவிட்டால்? ஏறினால் ஆறு நான்குக்கு வண்டியில் இருப்போம். என்ன மாறும், அங்கேயும் அவன் என் முகத்தைத்தான் பார்ப்பான். உச்சியில் வெயில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது, நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாதேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தக் கறுப்புப் பாறையைத் தாண்டிடுச்சு பாரு" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. பிறகு பேச்சு இல்லை. பசி முதலில் பேசவைக்கும், அப்புறம் வாயை மூடவைக்கும், எனக்குத் தெரியும், முதல் நோன்பில் எனக்கும் அப்படித்தான். ஆனால் எனக்கு முதல் நோன்பில் வீடு நிறைய ஆட்கள், எந்நேரமும் யாராவது தலையைத் தடவி இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பார்கள், சாயங்காலம் புதுச்சட்டை. இவனுக்கு இரும்புபோலக் குளிர்ந்த பெஞ்சும் நானும். சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? மாதேஷ், ஒரு விஷயம். வேண்டாம், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் யாரோ செத்த மாதிரி இருக்கும். டேய், ஒரு காமெடி தெரியுமா. அதுவும் வேண்டாம், காமெடி இல்லை. நீ சாப்பிடுடா, எனக்காகப் பார்க்காதே. அதை இரண்டு மணிக்கே சொல்லிப் பார்த்தேன், அருவியிலிருந்து அவன் இறங்கி வந்தபோது, வேர்த்து, மூச்சு வாங்கி. தண்ணியாவது குடிடா என்று பாட்டிலை நீட்டினேன். "உனக்கு இல்லாத தண்ணி எனக்கு எதுக்கு? இன்னும் நாலு மணி நேரம்தானே" என்று தள்ளிவிட்டான். நாலு என்று விரலைக் காட்டினான். அந்த விரலைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன். அவன் நாளைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். இதுவும் பொய். அவன் நாளைப் பற்றி நினைக்கவில்லை, என் மானத்தைப் பற்றி நினைத்தேன். இரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரக் குற்றம். இப்போது சொன்னால் நாலு மணி நேரக் குற்றம், அதற்கு மேல் அந்த மூன்று இருபது.

இந்தப் பழக்கம் எனக்கு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவேன். பரீட்சை நல்லா எழுதினேன், ரூம் நல்லா இருக்கு, குளிர் ஒண்ணும் இல்லை. முதல் செமஸ்டரில் மாதேஷ் ஒருநாள் கொள்ளு ரசம் வைத்தான், ஊரிலிருந்து கொண்டுவந்த கொள்ளு. எனக்கு அந்த வாசனையே ஆகாது. எப்படி இருக்கு என்றான், சூப்பர் என்றேன். அதன்பின் ஒரு செமஸ்டர் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் எனக்கென்று கொள்ளு ரசம். ஜூலை மாதம் கொள்ளு தீர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் வருத்தப்பட்டு, அம்மாவை இன்னும் இரண்டு கிலோ அனுப்பச் சொல்கிறேன் என்றான். அதைச் சிரிப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாள். நோன்பு மாதம் தொடங்கிய முதல் நாள் எங்கள் தெருக்கோடித் துருக்கிப் பள்ளிவாசலுக்கு அவனையும் கூட்டிப்போனேன், அங்கே தினமும் எல்லாருக்கும் சாப்பாடு, யார் என்று கேட்கமாட்டார்கள், எங்களைப் போன்ற மாணவர்களுக்கு அந்த ஒரு மாதம் இரவுச் சமையல் கிடையாது. நீண்ட மேசையில் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. இவன் நோன்பு இல்லை, மதியம் கேன்டீனில் மூக்குமுட்டத் தின்றவன், தாராளமாக ஆரம்பித்திருக்கலாம். கரண்டியைத் தொடவில்லை. பாங்கு சொல்லி, நான் பேரீச்சம்பழத்தைக் கடிக்கிறவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் கடித்ததும் கரண்டியை எடுத்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எல்லாரும் எடுத்துவிட்டாலும் நான் எடுக்கிறவரை எடுக்கமாட்டான். இன்றைக்கும் அப்படித்தான் பார்ப்பான். ஆறு நான்குக்கு என் வாயைப் பார்ப்பான். நான் பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கண்ணை மூடி, அப்பாடா என்று ஒரு முகம் காட்ட வேண்டும். காட்ட முடியும் என்னால், நன்றாகவே காட்டுவேன்.

ஐந்து மணிக்கு மேல் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துவிட்டான். பிடரியில் முடி குளிருக்குச் சிலிர்த்திருந்தது. தலைவலியா என்றேன். "லைட்டா" என்றான் தலை நிமிராமல். என் மஃப்ளரைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். "நீயும் பட்டினிதானே, உனக்குக் குளிராதா" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். எனக்குக் குளிரல என்றேன். இன்று நான் அவனிடம் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கும், உள்ளே எரிகிற அடுப்புக்குச் சீஸும் ரொட்டியும் போட்டிருக்கிறேன், குளிருமா? ஐந்து முப்பத்தெட்டு வண்டி வெளிச்சத்தோடு வந்தபோது எழுந்து நின்றேன். "ஏறிடலாம்டா. உள்ள சூடா இருக்கும். நேரம் வந்ததும் அங்கேயே திறக்கலாம்." அவன் தலையாட்டி மறுத்தான். "மலையைப் பாத்துக்கிட்டுத் திறக்கணும்னுதானே வந்தோம். இருபத்தாறு நிமிஷம். இவ்ளோ நேரம் இருந்துட்டு." கதவு திறந்தது, சூடான காற்று எங்கள்மேல் பட்டது, கதவு மூடியது. இருபத்தாறு நிமிடம் என்று அவன் கணக்கு வைத்திருக்கிறான். இப்படி அவன் எதற்கும் கணக்கு வைத்து நான் பார்த்ததில்லை, வகுப்புக்கே பத்து நிமிடம் தாமதமாகப் போகிறவன். அப்போது எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல். யார் இவனை இருக்கச் சொன்னது? நான் கேட்டேனா? எனக்குத் துணைக்குப் பசி வேண்டும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறேனா? இவன் இல்லாவிட்டால் இது எனக்கும் படைத்தவனுக்கும் நடுவே ஒரு சின்ன விஷயம், ரமலான் முடிந்து ஒரு திங்கட்கிழமை பிடித்துத் தீர்த்திருப்பேன். அந்தக் கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பெஞ்சின் அந்தப் பக்கம் அவன் பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, எண்ணிப் பார்த்து, மறுபடி மூடி வைத்தான். ஆறு பழம் இருந்தது. ஆளுக்கு மூன்று என்று காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறான், மூன்று என்பதுதான் முறை என்று நான் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு.

உச்சியில் வெயில் ஒரு கீற்றாக ரோஸ் நிறத்தில் நின்றது, பிறகு அதுவும் சாம்பலாகிவிட்டது. ஆறு மணி. மாதேஷ் எழுந்து நின்றான், ஏனோ தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கைப்பேசியை எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் நிமிர்த்தி வைத்தான். ஆறு இரண்டு. ஃபிளாஸ்கின் மூடியைத் திருகினான், ஆவி வந்தது, கொஞ்சம்தான், புதினாவும் பூண்டும் மணத்தது. ஆறு மூன்று. "நேரம் வந்துட்டா தள்ளிப்போடக் கூடாதுன்னு சொன்ன இல்ல, ரெடியா இரு" என்று ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஆறு நான்கு. அவன் என் வாயைப் பார்த்தான். பழம் என் கையில் இருந்தது, குளிரில் கெட்டிப்பட்டிருந்தது. இரண்டாவது துண்டு வாயில் இருந்தபோது ஒரு நொடி நின்றேனே, அதே நொடி மறுபடி வந்து நின்றது, இந்தத் தடவை எதிரே பண்ணைக்காரப் பெண் இல்லை.

"நான் நோன்பு இல்லடா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "அந்தச் சீஸ் பண்ணையில சாப்பிட்டுட்டேன். மறந்துபோய் வாயில போட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தும் சாப்பிட்டேன்." எத்தனை மணிக்கு என்றான். ஒரு மணிக்கு என்றேன். அவன் கைப்பேசியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், ஏதோ கழித்துப் பார்க்கிறவன்போல உதடு அசைந்தது. "மூணு இருபதுக்கு நான் கேட்டேனே." ஆமா என்றேன். "உச்சியில வெயில் இருக்குன்னு காட்டினியே." ஆமா. "வயித்துல சீஸை வெச்சுக்கிட்டு." ஆமாடா. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், சத்தமாக இல்லை, நிதானமாக. நடைமேடையின் கோடிவரை நடந்துபோனான். அங்கே எனக்கு முதுகைக் காட்டி நின்றான். ஆறு ஐந்து. ஆறு ஆறு. நான் பழத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நிம்மதியும் வரவில்லை, சொன்னால் வரும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்தான். என் முன்னால் நின்று, "நேரம் ஆச்சா ஆகலையா?" என்றான். ஆச்சு என்றேன். "அப்ப கொடு." கையை நீட்டினான். "இன்னைக்கு நோன்பு நான்தானே." கொடுத்தேன். எழுந்து நின்று, வலது கையால் கொடுத்தேன். அவன் கடித்தான், கண்ணை மூடினான், அப்பாடா என்றெல்லாம் முகம் காட்டவில்லை, தாடை மட்டும் மெதுவாக அசைந்தது. மூன்று பழம் தின்றான். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், பாதி குடித்தான். ஃபிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன், நின்றபடியே குடித்தான், மூடியை நீட்டினான், மறுபடி ஊற்றினேன், குடித்தான். மூன்றாவது மூடியை அவனே ஊற்றி, என்னைப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினான். "உப்பு சரியா இருக்கான்னு பாரு."

குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அரிசி நன்றாகக் குழைந்து, வெந்தயம் லேசாகக் கசந்து, எல்லாம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. குத்துமதிப்பாகப் போட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், தூக்கக் கலக்கத்தில் போடவே இல்லை. பதின்மூன்று மணி நேரப் பட்டினிக்கு இரண்டு மூடி குடித்தவனுக்குத் தெரிந்திருக்குமா தெரியாதா? நல்லா இருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உப்பு இல்லடா" என்றேன். "சுத்தமா இல்ல."

"தெரியும்" என்றான் மாதேஷ். "நீ என்ன சொல்றேன்னு பாத்தேன்." மூடியை என் கையிலிருந்து வாங்கி, மிச்சமிருந்த கஞ்சியை அதில் ஊற்றினான், பாதி குடித்துவிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தான். ஆறு முப்பத்தெட்டு வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. "அந்தக் கொள்ளு ரசம்" என்றான் கொஞ்சம் கழித்து, மலையைப் பார்த்துக்கொண்டு. "அதையும் இப்பவே சொல்லிடு."